சட்டத்திற்கு இணக்கமா, ஆண்டானுக்கு வணக்கமா?



சட்டப்படி அமைந்ததை ஆங்கிலர் ‘இலீகல்’ என்பர். தலைவனுக்குப் பற்றுடன் பணிந்து நடப்பதை ‘இலாயல்’ என்பர். இவ்விரண்டும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும்.

சட்டத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல் ‘இலெக்சு’. அதன்வழிப் பிறந்த ‘இலெகாலிசு’ என்பது சட்டஞ் சார்ந்ததைக் குறித்தது. அதனை ஏட்டு வடிவில் ஏற்று ‘இலீகல்’ என்றனர். அதே சொல் பழம்பிரெஞ்சு மக்கள் வாயில் தேய்ந்து திரிந்து ‘இலாயல்’ ஆயிற்று. முதற்கண் சட்டத்திற்கும் கடமைக்கும் உண்மையாயிருத்தலையும் உணர்த்திய அச்சொல்லில், நாளடைவில் சட்டம் நழுவிற்று. ஆண்டான்மேற் பற்றே எஞ்சிற்று. ஒரு சொல்லுக்கு நேர்ந்த இவ்வீழ்ச்சி ஒரு மக்களினத்திற்கும் நேரக்கூடும்.

எப்போது? சட்டம் மக்களுக்கு விளங்காத மொழியில் இருக்கும்போது! விளங்கிய சட்டத்திற்கு மாந்தன் இணங்குகிறான். விளங்காத சட்டத்திற்கு அஞ்சிப் பணிகிறான்.

இங்கிலாந்தே இதற்குச் சான்று. 1066இல் நார்மானியர் அந்நாட்டை வென்றனர். பின்னர் வழக்குமன்றங்களில் பிரெஞ்சு ஒலித்தது. ஏடுகளில் இலத்தீன் அமர்ந்தது. தமக்காகவும் தமக்கெதிராகவும் பேசப்படுவது இன்னதென மக்கள் அறியவில்லை என்று காரணங் காட்டி, வழக்குரை ஆங்கிலத்தில் நிகழ வேண்டுமென 1362இல் சட்டம் வந்தது. அச்சட்டமே பிரெஞ்சில் எழுதப்பட்டிருந்தது! ஏடுகளினின்று இலத்தீன் முற்றும் நீங்க 1733 வரை ஆயிற்று.

“தமிழில் சட்டச் சொற்கள் ஏது?” என்று இங்குச் சிலர் வினவுகின்றனர். ஆங்கிலத்தில் மட்டும் ஏது? ‘இலீகல்’ இலத்தீன், ‘இலாயல்’ பிரெஞ்சு. சட்டத்தைக் குறிக்கும் ‘இலா’ என்னும் சொல்லுங்கூட வடகடலோடிகள் கொண்டுவந்த நோர்சுமொழிக் கடன். நிறுவி வைக்கப்பட்டது என்பதே அதன் வேர்ப்பொருள். இத்துணைக் கடன்பட்ட மொழி மன்றமேறிற்று. முறை, வழக்கு, மன்றம், சான்று, தீர்ப்பு எனத் தன் சொற்களையே உடைய தமிழ் வாயிலில் நிற்கிறது!

உயர்முறை மன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்திலேயே நிகழ வேண்டுமென்பது அரசியலமைப்பின் 348ஆம் பிரிவு. குடியரசுத் தலைவர் ஒப்பினால் மாநில மொழிக்கு இடமளிக்கலாம் என்பதும் அதே பிரிவு. 2006இல் தமிழகச் சட்டமன்றம் தமிழுக்காகத் தீர்மானம் இயற்றிற்று. ஒப்புதல் இன்றுவரை கிட்டவில்லை.

ஆங்கிலர் தம் மன்றத்தில் தம் மொழியைக் கேட்டது உரிமையென்றால், நாம் கேட்பது மட்டும் குற்றமா? சட்டத்திற்கு இணங்க நாம் அணியமாயிருக்கிறோம். அது முதலில் நம் மொழியில் பேசட்டும்!