மலை வண்டி என்றால் அப்படித்தான் இருக்குமா?

பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வரும் போன்களில் பாதி, கார் பற்றியவை. இயற்பியல் வாத்தியாருக்கு இன்ஜின் சமாச்சாரம் தெரியும் என்று எப்படியோ ஒரு பெயர் கிடைத்துவிட்டது. "சார், சிக்னல்ல நிக்கும்போது வண்டி தடதடன்னு ஆடுது." "மாமா, காலையில ஸ்டார்ட் பண்ணினா ஸ்டீயரிங் நடுங்குது." "ஏசி போட்டா ஆஃப் ஆகிடுது சார்." ஒர்க்‌ஷாப்பில் காட்டினாயா என்று கேட்டால், காட்டினேன் என்கிறார்கள். என்ன சொன்னார்கள் என்றால், பத்தில் ஆறு பேருக்கு ஒரே பதில்தான் கிடைத்திருக்கிறது: "மலையில ஓடுற வண்டி, அப்படித்தான் சார் இருக்கும்."

இந்தப் பதிலோடுதான் எனக்குச் சண்டை.

ஒரு காலத்தில் இதில் உண்மை இருந்தது. கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 80 சதவீதம்தான். அம்பாசிடர், பத்மினி காலத்து கார்புரேட்டருக்கு இது தெரியாது. கோயம்புத்தூரில் டியூன் பண்ணின வண்டி இங்கே ஏறி வந்தால் காற்று குறைந்துபோயிருக்கும், பெட்ரோலோ கிட்டத்தட்ட அதே அளவில் வந்துகொண்டிருக்கும். கலவை கெட்டியாகி, கறுப்புப் புகை விட்டு, நிற்கிற இடத்தில் இருமி இருமி அணைந்துபோகும். மெக்கானிக் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஸ்க்ரூவை கால் சுற்று திருப்புவார், சரியாகிவிடும். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ம் கார்புரேட்டர் வண்டிதான். அதற்கும் அதே வைத்தியம்.

2000-க்குப் பிறகு கார்புரேட்டர் மெல்ல மறைந்துவிட்டது. இன்று உங்கள் வாசலில் நிற்கும் பெட்ரோல் கார் எதுவாக இருந்தாலும், உள்ளே போகும் காற்றை அளக்க ஒரு சென்சார் உண்டு, அளவுக்குத் தக்கபடி பெட்ரோல் தெளிக்க இன்ஜெக்டர் உண்டு, எரிந்த புகையை மோந்து பார்த்துத் திருத்த ஆக்சிஜன் சென்சார் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஏறி வருவதற்குள் அது தன்னைத்தானே எத்தனையோ முறை திருத்திக்கொண்டுவிடுகிறது. மேட்டில் இழுவை குறையும், அது உண்மை. ஐந்தில் ஒரு பங்கு காற்று இல்லையென்றால் முழு சக்தி வராது. ஆனால் ஐடிலிங்கில் இன்ஜினுக்குத் தேவைப்படுவதே ஒரு வாய்க் காற்று. த்ராட்டிலை ஒரு மயிரிழை கூடுதலாகத் திறந்தால் போதும், சமவெளியில் ஓடுவது போலவே அமைதியாக ஓடவேண்டும். ஓடவில்லை என்றால் ஏதோ ஒரு பாகத்தில் கோளாறு. மலையின் மேல் பழியைப் போடக்கூடாது.

எரிவதற்கு மூன்று வேண்டும் என்று பத்தாம் வகுப்பில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்! காற்று, எரிபொருள், தீப்பொறி. ஐடிலிங் கோளாறு முக்கால்வாசி இந்த மூன்றில் ஒன்றுதான். மிச்சம் கால்வாசி, இன்ஜின் ஒழுங்காகவே ஓடும், அதைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கும். அது வேறு கதை.

இப்போது கணக்கு. சூடான இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 750 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும். மூன்று சிலிண்டர் வண்டியில் நொடிக்குப் பத்தொன்பது வெடிப்பு, நான்கு சிலிண்டரில் இருபத்தைந்து. அதனால் மூன்று சிலிண்டர் வண்டி பிறவியிலேயே கொஞ்சம் ஆடும். பழைய ஸ்விஃப்டைக் கொடுத்துவிட்டு 2024 ஸ்விஃப்டை வாங்கியவர்கள் "புது வண்டி ஆடுதே" என்று கேட்பது இதனால்தான். பழையதில் நான்கு, புதியதில் மூன்று. அது நோய் இல்லை, சுபாவம். வாங்கிய நாளிலிருந்து ஒரே மாதிரி ஆடினால் கவலைப்படாதீர்கள். நேற்று இல்லாத ஆட்டம் இன்று வந்திருந்தால்தான் விசாரணை. காலைக் குளிரில் முதல் இரண்டு நிமிடம் ஆர்.பி.எம். 1,200-க்கு மேல் நின்று பிறகு இறங்குவதும் இயல்புதான். அதற்காக பதினைந்து நிமிடம் வாசலில் ஓடவிட்டுப் பல் தேய்க்கப் போகாதீர்கள். அரை நிமிடம் போதும், பிறகு மிதித்து விரட்டாமல் மெதுவாக ஓட்டினால் அதுவே சூடாகிக்கொள்ளும். மூடின ஷெட்டுக்குள் ஓடவிடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

விசாரணையை எங்கே ஆரம்பிப்பது? காதில்தான். ஸ்கேனருக்கு முன்னால் காது.

நிற்கும்போது மட்டும் ஆடி, ஆக்சிலேட்டரை மிதித்து 2,000-க்குக் கொண்டுபோனால் வழவழவென்று ஓடுகிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் காற்று சமாச்சாரம். த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கும், அல்லது ஏதோ ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்து, கணக்கில் வராத காற்று உள்ளே போகும். ஐடிலிங்கில் இன்ஜின் குடிப்பது ஒரு ஸ்ட்ரா அளவு காற்று, அதில் ஒரு ஊசி ஓட்டைகூடப் பெரிது. வேகத்தில் குடம் குடமாகக் குடிக்கும்போது அந்த ஓட்டை தெரியவே தெரியாது. இதற்கு மாறாக, மிதித்தாலும் ஒரே தாளத்தில் 'தடுக்… தடுக்…' என்று தட்டிக்கொண்டே வந்து, மேட்டில் இழுக்கத் திணறினால், ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கிறது. பிளக், காயில், இன்ஜெக்டர், இந்த மூன்றில் ஒன்று. ஆர்.பி.எம். முள் மேலும் கீழும் ஊஞ்சல் ஆடினால் மறுபடியும் காற்று.

எப்போது என்பதும் முக்கியம். குளிரில் மட்டுமா, சூடான பிறகு மட்டுமா? ஏசி போட்டாலா? மழை, பனிமூட்டத்துக்கு மறுநாள் காலையிலா? கடைசியாகச் சொன்னதற்கு நம் ஊரில் காயில்மேல் ஈரம்தான் முதல் சந்தேகம். இரண்டாவது சந்தேகம் எலி. சிரிக்காதீர்கள். தேயிலைக் காட்டை ஒட்டி நிறுத்தும் வண்டியில், சூடான இன்ஜினுக்குப் பக்கத்தில் வந்து படுக்கிற எலிக்கு வயரும் ஹோஸும் பலகாரம். பானட்டைத் திறந்து ஒரு டார்ச் அடித்துப் பார்க்கக் காசு செலவில்லை.

இதெல்லாம் தொந்தரவுக் கணக்கு. நான் இவ்வளவு நீளமாக எழுதக் காரணம் வேறு. பிரேக்.

பெட்ரோல் காரில் பிரேக்கை நீங்கள் காலால் மட்டும் பிடிப்பதில்லை. பூஸ்டர் என்று ஒரு வட்டமான டப்பா பானட்டுக்குள் இருக்கும், அது உங்கள் காலுக்குத் துணை. அதற்கு பலம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலான பெட்ரோல் வண்டிகளில், இன்ஜின் காற்றை இழுக்கும்போது மேனிஃபோல்டில் உண்டாகும் வெற்றிடத்திலிருந்து. வெளிக் காற்றழுத்தத்துக்கும் உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த பலம். மேட்டுப்பாளையத்தில் வெளியே சுமார் 97 கிலோபாஸ்கல், ஐடிலிங்கில் உள்ளே உத்தேசமாக 35. வித்தியாசம் 62. கோத்தகிரியில் வெளியே 81, உள்ளே அதே 35. வித்தியாசம் 46. கால்வாசி பலம் ஏற்கெனவே போய்விட்டது. எல்லாம் சரியாக இருக்கும் வண்டியிலேயே இந்தக் கதி. இதில் ஒரு ஹோஸ் ஒழுகினால் உள்ளே அழுத்தம் ஏறும், பலம் இன்னும் குறையும். மலையை உண்மையிலேயே கணக்கில் எடுக்கவேண்டிய இடம் இதுதான், இதைத்தான் யாரும் சொல்வதில்லை.

என் தங்கை மகன் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர் பெயர், கடை பெயர் வேண்டாம். ஐடிலிங் ஆட்டம் என்று சமவெளியில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டான். முதல் தடவை பிளக் மாற்றினார்கள். இரண்டாம் தடவை இன்ஜெக்டர் கிளீனிங். மூன்றாம் தடவை பெட்ரோல் பம்ப். மொத்தம் 18 ஆயிரம் ரூபாய் சொச்சம். ஆட்டம் நிற்கவில்லை. கடைசியில் ஐடிலிங் ஆர்.பி.எம்.மைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு, "இனிமே அணையாது, மலை வண்டி அப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். இங்கே நம் கடைவீதிப் பக்கம் ஒரு சின்ன ஷெட் வைத்திருக்கும் பையன், பானட்டைத் திறந்து வைத்து இன்ஜினை ஓடவிட்டு, ஹோஸ் ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பார்த்தான். ஒன்றை அழுத்தியதும் இன்ஜின் சாந்தமாகிவிட்டது. பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ், கிளிப் பக்கத்தில் வெடிப்பு. மூன்று மாதமாக அந்தப் பிள்ளை குடும்பத்தோடு, மெலிந்துபோன பிரேக்கோடு மலை இறங்கி ஏறியிருக்கிறான்.

பாகத்தை மாற்றுவது வைத்தியம், கண்டுபிடிப்பது வேறு வேலை. பாகத்துக்கு பில் போட முடிகிறது, யோசித்த நேரத்துக்கு பில் போட நம் ஊரில் வழக்கமில்லை. அதனால்தான் இப்படி ஆகிறது என்பது என் அபிப்பிராயம். அரை மணி நேரம் உட்கார்ந்து காரணம் கண்டுபிடிக்கும் மெக்கானிக்குக் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். "என்ன சார், ஒண்ணும் மாத்தவே இல்லையே, அதுக்கு ஐநூறா" என்று கேட்பவர்களும் இந்தப் பதிவைப் படிக்கிறார்கள், எனக்குத் தெரியும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை. வண்டியை சமதளத்தில் நிறுத்தி (கோத்தகிரியில் சமதளம் தேடுவதே பெரிய வேலை) ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு பிரேக் பெடலை நாலைந்து முறை மிதியுங்கள், கல் மாதிரி இறுகும். அப்படியே மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் ஒரு விரல்கடை கீழே இறங்கவேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டரோ, ஹோஸோ, அதன் வால்வோ வேலை செய்யவில்லை. ஓடும்போது பிரேக்கை மிதித்துப் பிடித்தால் 'உஸ்' என்று சத்தம் தொடர்ந்து வந்து ஐடிலிங்கும் மாறுகிறதா? பூஸ்டருக்குள்ளே கிழிசல். இரண்டில் எது தெரிந்தாலும் வண்டியை மலை இறக்காதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள்.

டீசல் வண்டிக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் வேறு, அதில் வெற்றிடத்துக்குத் தனி பம்ப் இருக்கும். ஆனாலும் அந்த பம்ப்பைச் சுற்றுவது இன்ஜின்தான், இன்ஜின் நின்றால் அதுவும் நிற்கும்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்கவேண்டிய கேள்விகளும் சில உண்டு. "கோட் என்ன வந்தது?" என்று கேளுங்கள். பி 0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ். உடனே புது காயில் வாங்கவேண்டாம். முதல் சிலிண்டர் காயிலை இரண்டாவதிலும், இரண்டாவதை முதலிலும் மாற்றிப் போடச் சொல்லுங்கள். கோட் 0302 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாமல் அங்கேயே நின்றால் காயில் நிரபராதி, பிளக்கையும் இன்ஜெக்டரையும் பாருங்கள். பி 0171 வந்தால் பெட்ரோலுக்கு மிஞ்சிக் காற்று போகிறது என்று பொருள், ஒழுகலைத் தேடச் சொல்லுங்கள். செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் இரண்டு நாளில் காட்டலாம். மினுக் மினுக் என்று துடித்தால் ஓரம் கட்டுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிஸ்டைச் சுட்டுப் பொசுக்கிக்கொண்டிருக்கிறது, அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

சத்தங்களில் பெல்ட் கீச்சிடுவது பனிக்காலையில் ஒரு நிமிடம் வந்து போனால் விட்டுவிடலாம். 'டிக் டிக்' என்று மேலே கேட்டால் முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். அடியிலிருந்து சுத்தியால் அடிப்பதுபோல 'டொக் டொக்' என்று கனமாகக் கேட்டால் அந்த நிமிடமே அணைத்துவிடுங்கள்.

எத்தனால் பெட்ரோலால்தான் எல்லாம் என்று நிறைய பேர் எழுதுகிறீர்கள். 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலவை விற்பனைக்கு வந்த பிறகு, டயர் பஞ்சரானால்கூட எத்தனால் காரணம் என்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம், மைலேஜும் கொஞ்சம் குறையும். வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் பழைய வண்டியில் சந்தேகப்படுவது நியாயம். தினம் ஓடும் வண்டியில் பானட்டைத் திறக்காமலே எத்தனால் மேல் தீர்ப்பு எழுதுவது, "மலை வண்டி அப்படித்தான்" என்பதன் இன்னொரு உருவம்.

கடைசி விஷயம், நியூட்ரல். சீசனில் ஊட்டி வண்டிகளைக் குன்னூர் வழியாக ஏற்றி, நம் கோத்தகிரி வழியாக இறக்கிவிடுகிறார்கள். குஞ்சப்பனை வரை நின்று பாருங்கள், எத்தனை வண்டி நியூட்ரலில் வழுக்கி வருகிறது என்று. சுற்றுலா வருபவர்களைச் சொல்லிப் பயனில்லை, நம் ஆட்களே செய்கிறார்கள். பெட்ரோல் மிச்சமாம். கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை இது. இன்ஜெக்டர் வண்டியில் கியரில் இருந்து காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுற்றும், பெட்ரோல் தெளிப்பது அடியோடு நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு பெட்ரோல் செலவு.

மிச்சம் கிடக்கட்டும், ஐடிலிங் சரியில்லாத வண்டி நியூட்ரலில் இறங்கும்போது அணைந்தால் என்ன ஆகும்? பூஸ்டரில் தேங்கியிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதற்குப் பிறகு பெடல் கல். ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். அடுத்தது கொண்டை ஊசி வளைவு. அதே வண்டி இரண்டாவது கியரில் இறங்கியிருந்தால், தீப்பொறியே வராவிட்டாலும் பிஸ்டன் ஏறி இறங்கிக் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும், பூஸ்டருக்கு வெற்றிடம் வந்துகொண்டே இருக்கும். த்ராட்டில் மூடியிருப்பதால் ஐடிலிங்கைவிட அதிகமாகவே வரும். ஏறின கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொன்னதற்கு இயற்பியல் இது.

ஹெத்தை அம்மன் திருவிழாவுக்கு கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஹட்டிக்கு வரப்போகிறவர்கள், கிளம்புவதற்கு முந்தின வாரம் அந்த பெடல் சோதனையைச் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

சந்தேகம் இருந்தால் கமெண்டில் எழுதலாம். எழுதும்போது வண்டி எந்த வருடம், பெட்ரோலா டீசலா, ஆட்டம் குளிரிலா சூட்டிலா, மிதித்தால் போகிறதா போகவில்லையா, நாலும் வரவேண்டும். "சார், வண்டி சரியில்லை" என்று மட்டும் எழுதினால் பூஜ்யம்தான் போடுவேன்.