பழைய கணிப்பொறிக்குப் புத்துயிர்

தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என நீளும் நமது பள்ளத்தாக்கில், பிள்ளைகளின் படிப்பிற்கென ஒரு மேசைக் கணிப்பொறி வாங்க விழையும் குடும்பங்கள் பல. புதியதன் விலையோ, ஏலத் தோட்டத்திலும் திராட்சைத் தோட்டத்திலும் கூலிக்கு உழைப்போரால் எளிதில் எட்டக்கூடியதன்று. ஆதலின் பெரிய அலுவலகங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்த பொறிகளை வாங்குகின்றனர். சென்னை ரிச்சி தெரு இவற்றிற்குப் பேர்போன சந்தை.

வாங்கிய சில வாரங்களில் பொறி அசைவற்று நின்றுவிட்டால் இல்லத்தில் கலக்கம் உண்டாகிறது. பார்க்க வருபவர் சிலர், திறந்து பார்க்குமுன்பே "மதர்போர்டு போய்விட்டது" என்று தீர்ப்புக் கூறிவிடுவதும் உண்டு. தீர்ப்பிற்கு முன் விசாரணை வேண்டுமல்லவா? செலவில்லாத சோதனைகளை முதலிலும், செலவு மிகுந்தவற்றை இறுதியிலும் வைத்துக்கொள்வதே இதில் நாம் கைக்கொள்ள வேண்டிய நெறி.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. சுவிட்சை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பொறியின் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்த வேண்டும். உள்ளே கை வைக்குமுன் பெட்டியின் வெற்று உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்க. நம் உடலிலுள்ள நிலைமின்சாரம் நுண்பாகங்களைக் கெடுக்காதிருக்கும். எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது. கம்பியைப் பிடுங்கிய பின்பும் அதனுள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

முதலாவது, மின்சாரம். சுவரிலுள்ள பிளக், கம்பி, பொறியின் பின்புறமுள்ள சிறு சுவிட்சு, திரைக்குச் செல்லும் கேபிள் ஆகியவற்றைப் பாருங்கள். திரையின் கேபிள் தளர்ந்ததால் மட்டும் "இறந்துபோன" பொறிகள் பல. எல்லாம் சரியாயிருந்தும் உள்விசிறி சிறிதும் சுழலவில்லையெனில், ஐயம் மின்வழங்கியின் மேல் விழவேண்டும். நன்றாக உள்ள வேறொன்றை இணைத்துப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் முதலில் பலியாவது இதுவே. ஐப்பசி, கார்த்திகை இடிமழையின்போது மின்கம்பியையும் இணையக் கம்பியையும் கழற்றிவைப்பது நன்று.

இரண்டாவது, தூசி. மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகள் வழியே வரும் பருவக்காற்று, தேனியைச் சுற்றியுள்ள காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அதே காற்றுதான் ஆனி, ஆடி மாதங்களில் புழுதியை நம் இல்லங்களுக்குள் கொண்டுவருகிறது. பொறியின் மூளையாகிய பிராசசரைக் குளிர்விக்கும் உலோகத் தகடுகளில் அப்புழுதி அடைத்துக்கொண்டால் வெப்பம் வெளியேற வழியில்லை. பொறி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்துவிடும். கால்மணி நேரம் ஓடி நின்றுவிடும் பொறிகளுக்குப் பெரும்பாலும் இதுவே நோய். மென்மையான தூரிகையால் துடைத்து, விசிறியின் இதழ்களைப் பிடித்துக்கொண்டு காற்றை ஊதினால் போதும். பிராசசருக்கும் தகட்டிற்கும் இடையேயுள்ள பசை உலர்ந்திருப்பின் புதிதாக இடவேண்டும்.

மூன்றாவது, நினைவகம். விசிறி சுழல்கிறது, திரை இருண்டிருக்கிறது, பொறி விட்டுவிட்டு ஒலி எழுப்புகிறது. இவை ராம் எனப்படும் நினைவகப் பலகை சரியாகப் பொருந்தாமையின் அறிகுறிகளாக இருக்கலாம். அதைக் கழற்றி, பொன்னிற முனைகளைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்து, இருபுறக் கொக்கிகளும் விழும்வரை அழுத்திப் பொருத்துக. இரு பலகைகள் இருப்பின், ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள்.

நான்காவது, நாணய வடிவ மின்கலம். மதர்போர்டிலுள்ள 3 வோல்ட் சி.ஆர். 2032 மின்கலம் தீர்ந்துவிட்டால், பொறியின் நாட்காட்டி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். இணையத் தளங்களின் பாதுகாப்புச் சான்றுகள் தேதியைக் கொண்டே சரிபார்க்கப்படுவதால், எத்தளத்தைத் திறந்தாலும் எச்சரிக்கை தோன்றும். "இணையம் கெட்டுவிட்டது" என்று வருந்துவோர், முதலில் தேதியைப் பார்த்துக்கொள்வாராக.

ஐந்தாவது, ஹார்டு டிஸ்க். நிமிடத்திற்குப் பொதுவாக 7,200 முறை சுழலும் இத்தட்டு, ஆண்டுகள் செல்லச் செல்லத் தேய்கிறது. "டக், டக்" என்ற ஒலி கேட்டால், வேறெதுவும் செய்யுமுன் உள்ளிருக்கும் கோப்புகளைப் பிரதியெடுத்துவிட வேண்டும். இங்கு ஒரு நல்ல சோதனையும் உண்டு. லினக்ஸ் என்னும் இலவச மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே பொறியை இயக்கிப் பாருங்கள். தடையின்றி ஓடினால், பழுது ஹார்டு டிஸ்க்கிலோ அதிலுள்ள மென்பொருளிலோதான் என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினால், தவழ்ந்த பொறி நடக்கத் தொடங்கும்.

விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-ஐயோ பழைய பொறிகள் பல ஏற்பதில்லை. அத்தகைய பொறிகளுக்கும் லினக்ஸே துணை. 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இப்பணியை அடியொற்றி, நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய "பாஸ்" மென்பொருள் தமிழிலும் இயங்கவல்லது.

இவை யாவும் பயனளிக்காதபோதே மதர்போர்டைக் குறை கூறலாம். அதிலுள்ள சிறு உருளைகளின் தலை புடைத்திருந்தால், தேர்ந்த தொழிலாளர் அவற்றை மட்டும் மாற்றித் தருவர். ஆயினும் செலவு, அதே வகைப் பழைய பொறியொன்றின் விலையில் பாதியைக் கடக்குமாயின் நிறுத்திக்கொள்வதே விவேகம். இனி வாங்குவோர், கடையிலேயே ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்து வாங்குக. கைவிட்ட பாகங்களை எரிக்கவோ குப்பையில் வீசவோ வேண்டாம். அவற்றில் ஈயம் போன்ற நஞ்சுகள் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, அவை பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேரவேண்டும்.

இன்னொன்றையும் பெற்றோர் கருத்தில் கொள்ள வேண்டும். பழைய பொறியுள் முந்தைய உரிமையாளரின் நிழற்படங்களும் வங்கிக் கணக்குகளும் இருக்கக்கூடும். அவற்றைத் திறந்து பார்ப்பது, பிறர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பதற்கு ஒப்பாகும். பாராமலே முழுவதும் அழித்துவிடுக. நம் பொறியை விற்கும்போதும் அவ்வாறே செய்க. வெறுமனே "டிலீட்" செய்வது பொருளடக்கத்தைக் கிழிப்பது போன்றது. பக்கங்கள் உள்ளேயே கிடக்கும்.

திருப்புளியைக் கையிலெடுக்கும்போது மகனையும் மகளையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். எது பழுது என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆராயும் பழக்கம், அப்பொறி கற்றுத்தரும் எப்பாடத்திற்கும் குறைந்ததன்று.