கத்தி எங்கே விழுகிறது?

தேர்தல் வந்தா ஓசூர்ப் பக்கத்துச் சேரிகளுக்கு ரெண்டு விதமான ஆளுங்க வருவாங்க. ரொம்பக் காலமா பதவியில இருக்கிறவரு, "தெருவிளக்குப் போட்டேன், சமுதாயக்கூடம் கட்டினேன்" என்பார். அவரை எதிர்த்து நிற்கிறவரு, "நாடு கடன்ல முழுகுது, இலவசத்தை நிறுத்தணும், அரசாங்கம் சிறுசா இருக்கணும்" என்பார். முதலாமவரின் பொய் நமக்குப் பழகிப்போனது. இரண்டாமவரின் பேச்சு புதுசு மாதிரி தெரியும். அது புதுசல்ல என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சின்ன அரசாங்கம் என்ற பேச்சுக்கு இந்த மண்ணிலேயே பூர்வீகம் உண்டு. ஓசூரை ஒட்டிய தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, லைசென்ஸ் பெர்மிட் ராஜ்ஜியம் ஒழிய வேண்டும் என்றார். அதற்கு ஆறு வருசம் முன்னால், 1953இல், முதலமைச்சராக அவர் கொண்டுவந்தது அரைநாள் பள்ளிக்கூடம். புதுக் கட்டடம் வேண்டாம், அதே பள்ளியில் ரெண்டு மடங்கு பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம். கணக்குப் பார்க்கிறவனுக்கு அழகான சிக்கனம். மீதி அரைநாளில் பிள்ளை அப்பன் தொழிலைக் கத்துக்கணும். எங்க தாத்தனுக்கு விதிச்ச தொழில் என்ன? செத்த மாடு தூக்குறது, சாவுக்குப் பறையடிக்கிறது. கருவூலத்தில் மிச்சம் பிடித்த காசுக்கு நாங்கள் கொடுக்க வேண்டியிருந்த விலை அது. குலக்கல்வி என்று தமிழ்நாடே எதிர்த்தது. 1954இல் அவர் பதவி விலகினார், காமராசர் திட்டத்தைக் கைவிட்டார்.

அப்படியானால் பதவியில் இருப்பவரைச் செலவுக் கணக்குக் கேட்கவே கூடாதா? கேட்க வேண்டும். இந்த மாவட்டம் கேட்டும் இருக்கிறது. 1991இல் பர்கூரில் நின்று வென்று முதலமைச்சரானவர் ஜெயலலிதா. மாதம் ஒரு ரூபாய் சம்பளம் போதும் என்றவர். 1995 செப்டம்பரில் வளர்ப்பு மகனுக்கு அவர் நடத்திய கல்யாணத்தை ஊரே வாய் பிளந்து பார்த்தது. 1996இல் அதே பர்கூர் மக்கள், தி.மு.க.வின் சுகவனத்திடம் 8,366 ஓட்டில் அவரைத் தோற்கடித்தார்கள். முதலமைச்சரையே வீட்டுக்கு அனுப்பிய தொகுதி இது. ஓட்டுப் போட்ட கூலிக்காரனுக்கு நிதிப் பற்றாக்குறை என்ற வார்த்தை தெரியாது. ஆடம்பரம் தெரியும்.

ஆனால் அந்த அய்ந்து வருசத்தில் கல்யாணம் மட்டுமா நடந்தது? அன்றைக்கு பர்கூர் இருந்த அதே தருமபுரி மாவட்டத்தில்தான் வாச்சாத்தி. 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் பழங்குடி ஊருக்குள் புகுந்து வீடுகளைச் சூறையாடினார்கள், 18 பெண்களை வல்லுறவு செய்தார்கள். 2011இல்தான் தருமபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் தண்டித்தது. 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அரசுக்கு எல்லை வேண்டும் என்று பேசுகிறவர்கள் வாச்சாத்தியிலிருந்து தொடங்கட்டும். அரசு சுருங்க வேண்டிய முதல் இடம் லாக்கப்பும் லத்தியும். அங்கே யாரும் கத்தி வைப்பதில்லை.

பிறகு அதே ஜெயலலிதா 2001இல் திரும்பி வந்தபோது கஜானா காலி என்றார். புது நியமனங்களுக்குத் தடை போட்டார். 2003இல் வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர், ஆசிரியர்களை ஒரே அடியாக நீக்கினார். பெரும்பாலோர் பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். "திமிர் பிடிச்ச ஆபீசர்களுக்கு நல்லா வேணும்" என்று நம்ம ஆளுங்களே கைதட்டினாங்க. ஆனால் நியமனத் தடையில் நம்ம பங்கும் நின்றுபோனதை யார் எண்ணிப் பார்த்தார்கள்? இடஒதுக்கீடு இருப்பது அரசு வேலையில். அரசு சுருங்கினால் 18 சதவீதமும் கூடவே சுருங்கும், அதற்குள் அருந்ததியருக்கு 2009இல் வந்த 3 சதவீதமும் சுருங்கும். தனியார் கம்பெனி கேட்டில் எந்த சதவீதமும் கிடையாது.

அந்த கேட் எனக்குத் தெரியும். பதினோரு வருசமா சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி நான். எங்கம்மா ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கியே முதுகு வளைந்தவள். இந்த சிப்காட் யார் உண்டாக்கியது? அரசாங்கம். நிலம் எடுத்துக் கொடுத்தது, ரோடு போட்டது, தண்ணீர் கொடுத்தது, வரிச்சலுகை கொடுத்தது. அதற்குப் பெயர் ஊக்கத்தொகை. எங்க வீட்டு ரேஷன் அரிசிக்குப் பெயர் இலவசம். சின்ன அரசாங்கம் கேட்கிற ஒருத்தராவது கம்பெனிக்குக் கொடுத்த சலுகையை நிறுத்து என்று மேடையில் சொல்லி நான் கேட்டதில்லை.

கடன் பொய்யா? இல்லை. 2021 வெள்ளை அறிக்கை ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் என்றது. எங்கம்மா தலையிலும் அதே தொகை. கடனில் சமத்துவம் வந்துவிட்டது, வரவில்தான் வரவில்லை. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு இருபது பேர் நாம். மக்கள்தொகைக்கு ஏற்ப நிதி ஒதுக்க வேண்டும் என்ற சிறப்புக் கூறுகள் திட்டம் 1979இல் வந்தது. அதைச் சட்டமாக்க கர்நாடகம் 2013 வரையும், தமிழ்நாடு 2024 வரையும் எடுத்துக்கொண்டன. சட்டம் வந்தாலும் போதாது. அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டினால் பாருங்கள். 2023இல் கர்நாடக அரசு தலித், பழங்குடி நிதியில் 11,000 கோடிக்கு மேல் எடுத்து எல்லாருக்குமான வாக்குறுதித் திட்டங்களுக்குத் திருப்பியது. நம்ம காசில் ஊருக்கே விருந்து.

ஆகவே தணிக்கை நமக்கு எதிரி இல்லை, நம்ம ஆயுதம். அரசியலமைப்பில் மிக முக்கியமான அதிகாரி தலைமைக் கணக்குத் தணிக்கையாளராக இருக்கலாம் என்று 1949இல் அரசியல் நிர்ணய சபையில் சொன்னவர் அம்பேத்கர். ரூபாயின் பிரச்சினை பற்றி 1923இலேயே புத்தகம் எழுதியவர். காசை வீணாக்காதே என்பது நமக்கு யாரும் வந்து கத்துக்கொடுக்க வேண்டிய பாடம் இல்லை.

நான் படித்தது அரசு விடுதி ஒன்றில். சோறு வெந்தும் வேகாமலும் இருக்கும், கக்கூசுக்குக் கதவு கிடையாது. கதவுக்கு வந்த காசு எங்கே போச்சு என்று கேட்பது சிக்கனம். கதவில்லாத விடுதி எதற்கு, மூடிவிடு என்பது கொலை. அந்த விடுதி இல்லாவிட்டால் இதை எழுத எனக்குக் கை இருந்திருக்காது.

எனவே ஓட்டுக் கேட்டு வருகிற ரெண்டு பேரிடமும் கேளுங்கள். பதவியில் இருப்பவரே, 2017இல் எம்.எல்.ஏ. சம்பளம் 55,000இலிருந்து 1,05,000 ஆனபோது வேண்டாமென்று சொன்னீரா? உம்ம தொகுதி நிதியில் சேரிக்கு வந்தது எவ்வளவு, திருப்பி அனுப்பியது எவ்வளவு? எதிர்த்து நிற்கிறவரே, வெட்டப்போகிற பட்டியலை முதலில் வாசியும். அதில் முதல் பெயர் எங்க விடுதியா, கம்பெனிச் சலுகையா?

பதில் சொல்லாதவருக்கு நம்ம தெருவில் நாற்காலி போட வேண்டாம்.