அருஞ்சொல் விருந்து

மேற்கு மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில், விருதுநகர் மாவட்டத்தில், ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ஊர்கள் அமைந்துள்ளன. ஒன்று இராசபாளையம், மற்றொன்று திருவில்லிபுத்தூர். முன்னது பஞ்சாலைகளால் பேர்பெற்றது. பின்னது பெரியாழ்வாரும் ஆண்டாளும் அருளிய பாசுரங்களால் புகழ்பெற்றது. ஓர் ஊரில் நூல் நூற்கப்படுகிறது; மற்றோர் ஊரில் நூல் பிறந்தது. பஞ்சிலிருந்து இழுக்கும் இழைக்கும், அறிவு தரும் ஏட்டுக்கும் 'நூல்' என்னும் ஒரே பெயரைத் தமிழர் இட்டு வழங்கினர். நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் இவ்விரண்டனையும் ஒப்பிட்டுக் காட்டுகின்றார். சொல்லே பஞ்சு, செய்யுளே இழை, புலவனே நூற்கும் பெண், அவன் வாயே கை, அவன் மதியே கதிர் என்பது அவர் கருத்து. இங்குக் 'கதிர்' என்பது பஞ்சை முறுக்கி இழையாக்கும் கருவியாகும். ஞாயிற்றின் கதிரையும் நெற்கதிரையும் மட்டுமே அறிந்த மாணவன் இவ்விடத்தில் திகைத்து நிற்பான். ஆனால் பஞ்சாலையில் பணிபுரியும் அவனுடைய தந்தையோ, தாம் நாள்தோறும் கையாளும் அக்கருவியின் பெயர் அது என்று எளிதில் விளக்கிவிடுவார்.

இந்தச் சிறு நிகழ்ச்சியில் ஒரு பேருண்மை அடங்கியுள்ளது. அருஞ்சொல் என்பது தன்னியல்பில் அரியதன்று. கேட்பவன் நிற்கும் இடத்தைப் பொறுத்தே அஃது அரியதாகின்றது. ஒரு வீட்டில் அரிதாக இருப்பது அடுத்த வீட்டில் எளிதாக இருக்கும். ஆதலால் சொற்செல்வத்தைப் பெருக்கும் நல்வழி, அகராதியைத் தனியே மனப்பாடம் செய்வதன்று. ஒருவர் அறிந்த சொல்லை மற்றொருவருக்கு மகிழ்ச்சியோடு வழங்கி, அவர் அறிந்ததைத் தாம் பெற்றுக்கொள்வதேயாகும். அறுசுவை விருந்தைப் போலச் சொல்லும் பகிர்ந்து உண்ணத்தக்கது.

இவ்விருந்தை முதலில் திருவில்லிபுத்தூரிலே தொடங்கலாம். பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாகப் பாவித்துப் பாடிய பாசுரங்களில் 'செங்கீரை' என்றொரு சொல் வருகின்றது. இச்சொல்லைப் புதிதாகக் கேட்கும் சிறுவன், சந்தையில் விற்கும் சிவப்புக் கீரை என்றே எண்ணுவான். ஆனால் அது கீரையன்று. தவழும் பருவத்துக் குழந்தை கைகளையும் முழங்காலையும் ஊன்றித் தலை நிமிர்த்து அசைந்தாடும் அழகிய ஆட்டம். 'சப்பாணி' என்பது மற்றொரு சொல். இக்காலத்தில் கால் ஊனமுற்றவரை இழித்துரைக்கும் சொல்லாக அது தாழ்ந்துவிட்டது. ஆழ்வார் பாடலிலோ அது குழந்தை கைகொட்டி விளையாடுதலைக் குறிக்கும். பொருளை அறிந்தவன், அவ்வினிய சொல்லை இனி ஒருவர் மனம் புண்படப் பயன்படுத்த நாணுவான் அன்றோ?

ஆண்டாள் அருளிய திருப்பாவை முப்பது பாசுரங்களைக் கொண்டது. அதில் 'சிறுவீடு' என்னும் சொல்லொன்று உண்டு. எருமைகள் சிறுவீடு மேய்ந்தன என்று கேட்டவுடன், எருமை வீட்டை மேயுமோ என்று வகுப்பறையில் சிரிப்பு எழும். அச்சிரிப்பு நல்லதே, சிரித்தவன் பொருளை மறப்பதில்லை. 'வீடு' என்பது 'விடு' என்னும் வினையிலிருந்து பிறந்தது. விடியற்காலையில், பால் கறப்பதற்கு முன்னர், பனி படர்ந்த புல்லைச் சிறிது நேரம் மேயும்படி எருமைகளை அவிழ்த்துவிடுவதே சிறுவீடு. பிறவித் தளையிலிருந்து விடுபடுதலை வீடு என்பதும், உழைத்துத் திரும்பியவன் கவலையை விட்டு இளைப்பாறும் இல்லத்தை வீடு என்பதும் இவ்வினையை ஒட்டியே என்பர். திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. பாலால் புகழ்பெற்ற அவ்வூரின் பிள்ளைகள், தங்கள் ஊரிலே பிறந்த பாட்டில் உள்ள இப்பால்வளச் சொல்லை அறியாதிருத்தல் தகுமோ?

அதே நூலில் 'ஆனைச்சாத்தன்' என்பது ஆனையன்று. வைகறையில் குரலெழுப்பும் ஒரு பறவை. உரையாசிரியர்கள் அதனை வலியன் என்பர். இரட்டைவால் கொண்ட கரிச்சான் குருவி என்று மக்கள் அதனை அறிவர். 'தட்டொளி' என்பது கண்ணாடி. 'உக்கம்' என்பது விசிறி. கண்ணாடிக்கு 'ஆடி' என்னும் பெயரும் உண்டு. ஆடி மாதத்துப் பூர நாளில் ஆண்டாளின் தேர் அவ்வூர் வீதிகளில் ஓடும். எனவே, 'ஆடியில் ஆடி பார்ப்பவர் யார்?' என்று ஒரு சிறுமி விடுகதை போட்டால், மற்றவர் விடை தேடி அலைவர். மாதமும் கண்ணாடியும் ஒரு பெயரில் ஒளிந்திருந்ததை உணர்ந்ததும் தாமே நகைப்பர்.

இனி இராசபாளையத்திற்குச் செல்வோர் வேறொரு வியப்பைக் காண்பர். பல தலைமுறைகளுக்கு முன்னர் ஆந்திர நாட்டிலிருந்து வந்து குடியேறியோரின் வழிவந்த மக்கள் பலர் அவ்வூரில் வாழ்கின்றனர். அவர்கள் வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழும் வழங்குகின்றன. தொல்காப்பியம் வினாவுக்குரிய விடையைச் 'செப்பு' என்கின்றது. தமிழ் மாணவனுக்கு அஃது இலக்கணச் சொல். அவ்வூரில் தெலுங்கு பேசும் பாட்டியோ பேரனைப் பார்த்து, 'செப்பு' என்று நாள்தோறும் சொல்கின்றார். சொல் என்பதே அதன் பொருள். குருதியைக் குறிக்கும் 'நெய்த்தோர்' என்பது பழந்தமிழ் நூல்களில் மட்டுமே காணத்தக்க சொல்லாகிவிட்டது. அதன் உடன்பிறப்பாகிய 'நெத்துரு' தெலுங்கில் இன்றும் உயிரோடு வழங்குகின்றது. தமிழில் 'இல்லம்', 'இல்லறம்' என்னும் சொற்களுக்குள் ஒதுங்கிய 'இல்', தெலுங்கில் 'இல்லு' என்று வீட்டுக்குரிய அன்றாடப் பெயராக விளங்குகின்றது.

வீட்டில் பேசும் மொழி பள்ளியில் பேசத்தக்கதன்று என்று கூசும் பிள்ளைகள் எங்கும் உண்டு. அக்கூச்சம் அவர்களுக்கு மட்டும் இழப்பன்று. வகுப்பு முழுவதற்கும் இழப்பாகும். நெய்த்தோர் என்னும் சொல் பாடத்தில் வரும்போது, தெலுங்கு பேசும் பிள்ளை எழுந்து, 'எங்கள் வீட்டில் இப்படி வழங்குகிறோம்' என்று கூறுமாயின், பழைய ஏட்டுச் சொல்லுக்கு ஒரு நொடியில் உயிர் வந்துவிடும். கூசி நின்ற பிள்ளையும் அன்று முதல் நிமிர்ந்து நிற்கும்.

இவ்விரண்டு ஊர்களுக்கும் பாலமாக விளங்கிய அறிஞர் ஒருவர் உண்டு. அவர் இராசபாளையத்தைச் சேர்ந்த மு. கு. ஜகந்நாத ராஜா. தமிழ், தெலுங்கு, வடமொழி, பிராகிருதம் முதலிய பல மொழிகளைக் கற்றவர் அவர். விசயநகரப் பேரரசர் கிருட்டிணதேவராயர் பெரியாழ்வார், ஆண்டாள் ஆகியோரின் வரலாற்றைத் தெலுங்கில் 'ஆமுக்த மால்யதா' என்னும் காவியமாகப் பாடினார். அதனை ஜகந்நாத ராஜா தமிழில் பெயர்த்து, 1989ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசினைப் பெற்றார். அக்காவியத்தின் பெயர் கேட்பதற்கு எவ்வளவு கடினமாக உள்ளது! ஆனால் 'ஆமுக்த' என்பது அணிந்த, 'மால்ய' என்பது மாலை, 'தா' என்பது தருபவள். தான் அணிந்த மாலையைத் தருபவள் என்று பிரித்துக் கூறியதும், அவள் திருவில்லிபுத்தூரார் நன்கறிந்த 'சூடிக் கொடுத்த நாச்சியார்' என்பது விளங்கிவிடும். அயலாரைப் போல நின்ற சொல், பொருள் அறிந்ததும் அண்டை வீட்டாராகிவிட்டது.

'இவையெல்லாம் வேடிக்கைக்கு உதவும், வாழ்க்கைக்கு உதவுமோ?' என்று வினவுவோர் உண்டு. அவர்கள் இவ்வூர்களின் கண்மாய்களை நோக்குவாராக. கண்மாய் என்பது ஏரிக்குத் தென்மாவட்டங்களில் வழங்கும் பெயர்; 'கண்வாய்' என்பதன் மரூஉ என்பர். கரைக்கு உட்பட்ட நீர்ப்பரப்பு உள்வாய் எனப்படும். வயலுக்கு நீர்விடும் வழி மடை எனப்படும். கண்மாய் நிறைந்தபின் மிகுநீர் வெளியேறும் வழி மறுகால் எனப்படும். வயல்தோறும் முறைப்படி நீரைத் திருப்பிவிடுபவர் நீர்பாய்ச்சி எனப்படுவார். உழவர் வீட்டுப் பிள்ளைக்கு இவை எளிய சொற்கள். நகர்ப்புறத்துப் பிள்ளைக்கு இவை அருஞ்சொற்கள். ஒவ்வொரு சொல்லும் ஓர் அறிவைக் காத்து நிற்கின்றது. மறுகால் என்னும் சொல்லை மறந்த ஊர், மறுகால் ஓடையிலே வீடு கட்டும். மனிதர் மறந்தாலும் மழை தன் வழியை மறப்பதில்லை. ஆகவே ஒரு சொல் மறையும்போது ஒலி மட்டும் மறைவதில்லை. முன்னோர் பட்டறிந்த படிப்பினையும் உடன் மறைகின்றது.

அருஞ்சொல்லை ஆளுவது வெறும் பகட்டு என்பது மற்றொரு சாராரின் கருத்து. இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. பிறருக்கு விளங்காத சொற்களை அடுக்கித் தன் புலமையைக் காட்ட விரும்புவோன், விளக்கேற்றி அதனைக் குடத்துள் மறைப்பவனை ஒப்பான். ஆனால் அக்குற்றம் சொல்லினுடையதன்று; பொருளை மறைத்தவனுடையது. பொருளோடு சேர்த்துச் சொல்லை வழங்குபவன் பகட்டுபவனல்லன், பகிர்ந்தளிப்பவன்.

முற்காலத்துத் திண்ணைப் பள்ளிகளில் மாணவர் நிகண்டுகளை மனப்பாடம் செய்தனர். மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டில், ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தொகுத்துக் கூறும் பதினோராந் தொகுதி அவர்களுக்கு முதன்மையான பாடமாக இருந்தது. நினைவில் நிற்கும்படி அதனைச் செய்யுளாக அமைத்த திறம் போற்றத்தக்கது. ஆயினும் பொருளைக் கண்ணால் காணாமல், பிரம்புக்கு அஞ்சி ஒப்பித்த சொற்கள் பலருடைய நாவில் தங்கினவே தவிர நெஞ்சில் தங்கவில்லை. நிகண்டின் செல்வம் வேண்டும். பிரம்பின் அச்சம் வேண்டா. விளையாட்டு அச்செல்வத்தை அச்சமின்றித் தரவல்லது.

பெரிய அகராதிகளும் பலர் கூடிப் பகிர்ந்ததன் பயனே ஆகும். ஆங்கில மொழிக்குரிய ஆக்ஸ்போர்டு பேரகராதியை உருவாக்குகையில், அதன் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மர்ரே 1879ஆம் ஆண்டில் பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். எண்ணற்றோர் தாம் படித்த நூல்களிலிருந்து சொற்களையும் அவை ஆளப்பட்ட இடங்களையும் சிறு தாள்களில் எழுதி அனுப்பினர். 1928ஆம் ஆண்டில் அப்பெரும்பணி நிறைவுற்றது. தமிழ்நாட்டில், கோவிற்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன், கரிசல் நிலத்து மக்களின் பேச்சுச் சொற்களை நண்பர்களின் துணையோடு திரட்டி 1982ஆம் ஆண்டில் ஓர் அகராதியாக வெளியிட்டார். பள்ளிப் படிப்பை நெடிது தொடராத அவர், கற்றோர் புறக்கணித்த சொற்களை ஏட்டில் ஏற்றிக் காத்தார். சொல்லைக் காக்கப் பட்டம் வேண்டுவதில்லை. செவியும் அன்புமே வேண்டும்.

பள்ளிதோறும் இத்தகைய சொல் விளையாட்டு நிகழ்தல் வேண்டும். அதற்குப் பொருட்செலவு சிறிதும் இல்லை. கிழமைக்கு ஒருநாள் ஒவ்வொரு மாணவரும் ஒரு சொல்லைக் கொணர்க. அது நெசவாளர் தறியிலிருந்து வரலாம், பாட்டியின் வாயிலிருந்து வரலாம், பாசுரத்திலிருந்தும் வரலாம். கேட்போர் முதலில் பொருளை ஊகித்துக் கூறுக. தவறாக ஊகித்தவரை எவரும் எள்ளாதிருக்க. பின்னர்க் கொணர்ந்தவர், அச்சொல் யாரிடம் கேட்டது, எப்பொருளைக் குறிப்பது என்பதை விளக்கி, ஒரு வாக்கியத்தில் அமைத்துக் காட்டுக. நாற்பது மாணவர் கூடிய வகுப்பில் ஒருவர் ஒரு சொல்லைக் கொடுத்து முப்பத்தொன்பது சொற்களைப் பெற்றுக்கொண்டு செல்வார். கொடுத்த சொல்லும் அவரிடமே இருக்கும். உலகில் இத்தகைய வாணிகம் வேறு உண்டோ?

பஞ்சு சிதறிக் கிடந்தால் காற்றில் பறந்து போகும். கதிரில் ஏறினால் நூலாகும். நூல்கள் ஒன்றோடொன்று பின்னினால் ஆடையாகும். சொற்களும் அத்தன்மையவே. ஒவ்வொரு வீட்டிலும் சிதறிக் கிடக்கும் சொற்கள், இளைஞரின் விளையாட்டில் ஒன்றுகூடுமாயின், மொழி என்னும் ஆடை நைந்து போகாமல் வரும் தலைமுறைக்கும் பயன்படும்.