நயாராவுக்கு ஒரே நாளில் நின்றுபோன மெயில்: சிறு தொழில்கள் சொந்த சர்வர் வைத்தால் தப்பிக்க முடியுமா?

2025 ஜூலையில் நயாரா எனர்ஜி ஊழியர்களால் திடீரென மெயிலைத் திறக்க முடியவில்லை. குஜராத்தின் வாடினாரில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நிறுவனம் இது. இதில் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் 49 சதவீதப் பங்கு வைத்திருக்கிறது. ஐரோப்பிய யூனியன் தடை விதித்ததைத் தொடர்ந்து, மைக்ரோசாஃப்ட் சேவையை நிறுத்தியது. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு, ஜூலை 30-ம் தேதி சேவை திரும்பியது.

பெரிய கம்பெனிக்கே இந்த நிலை என்றால், பாலவனத்தத்தில் நூல் வியாபாரம் செய்பவருக்கு? கொட்டேஷன், பில், ஜிஎஸ்டி, வங்கித் தகவல் எல்லாமே மெயிலில்தான். 'பேசாம நம்ம ஆபீஸ்லயே ஒரு மெயில் சர்வர் வச்சுட்டா என்ன?' என்ற கேள்வி நியாயமானதே.

செலவு எவ்வளவு?

போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் போன்ற மென்பொருட்கள் இலவசம். சாதாரண கம்ப்யூட்டரே போதும். கரண்ட் போனாலும் வர வேண்டிய மெயில் உடனே தொலைந்துவிடாது. அனுப்பும் சர்வர் பொதுவாக 4, 5 நாட்கள் வரை திரும்பத் திரும்ப முயற்சி செய்யும்.

அப்போ சிக்கல் எங்கே?

மெயிலை வாங்குவது சுலபம். அனுப்பிய மெயில் போய்ச் சேருவதுதான் கஷ்டம். சாதாரண பிராட்பேண்டில் ஐபி முகவரி மாறிக்கொண்டே இருக்கும். மெயில் போகும் 25-ம் எண் போர்ட்டைப் பல நிறுவனங்கள் அடைத்தே வைத்திருக்கின்றன.

2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு அனுப்பும் அனைவருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் என்ற அடையாளச் சோதனை கட்டாயம். ஐபி முகவரிக்கு உரிய பெயர்ப் பதிவும் வேண்டும். ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்பினால் டிமார்க்கும் சேர்த்து மூன்றும் தேவை.

இதில் ஒன்று தவறினாலும் கொட்டேஷன் ஸ்பேமுக்குப் போகலாம், திரும்பியும் வரலாம். ஸ்பேமுக்குப் போனால் அனுப்பியவருக்கும் தெரியாது, திருப்பூரில் இருக்கும் வாங்குபவருக்கும் தெரியாது. ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும்.

என்ன செய்யலாம்?

கடை வாடகைக் கட்டிடத்தில் இருக்கலாம். ஆனால் கடையின் பெயர் உங்களுடையதாக இருக்க வேண்டும். மெயிலில் அந்தப் பெயர்தான் டொமைன். '@' குறிக்குப் பின்னால் வருவது உங்கள் டொமைன் என்றால், மெயில் சேவையை எந்த நிறுவனத்திடமும் வாங்கலாம். ஒருவர் நிறுத்தினால், டொமைன் அமைப்பில் எம்எக்ஸ் பதிவை மாற்றி இன்னொருவரிடம் போகலாம். முகவரி மாறாது. நயாராவும் இடையில் ரீடிஃப் மெயிலுக்கு மாறியதாகச் செய்திகள் வந்தன. '@ஜிமெயில்.காம்' முகவரியில் தொழில் நடத்துபவருக்கு இந்த வழி இல்லை.

இதை மறக்காதீங்க

* டொமைன் உங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறதா? வெப்சைட் செய்து கொடுத்தவர் பெயரில் இருந்தால் உடனே மாற்றுங்கள்.
* டொமைன் கணக்குக்கு வேறொரு மெயில் முகவரி கொடுங்கள். அதே டொமைன் மெயிலைக் கொடுத்திருந்தால், மெயில் நிற்கும் நாளில் உள்ளேயே போக முடியாது.
* புதுப்பிக்கும் தேதியைத் தவறவிடாதீர்கள்.
* பழைய மெயில்களை வாரம் ஒருமுறை சொந்த கம்ப்யூட்டரில் நகல் எடுங்கள். எம்எக்ஸை மாற்றினால் புது மெயில்தான் வரும், பழையது தானாக வராது.

சர்வரைத் தினமும் கவனிக்கத் தெரிந்த ஆளும் நிலையான ஐபியும் இருந்தால் சொந்த சர்வர் வைக்கலாம். இல்லாதவர்கள் முதலில் டொமைனைச் சொந்தமாக்குவதே பாதுகாப்பு.