மரத்துக்கு ஒரு சர்ஜன்!

பிரிட்டன்ல ‘ட்ரீ சர்ஜன்’னு எழுதின வேன் போனா சிரிச்சுடாதீங்க பாஸ். பட்டுப்போன கிளையை எடுக்கிறது, கூரை மேல சாயுற கிளையைக் கழிக்கிறது... நிஜமாவே அது பிசினஸ்!

செயின் ரம்பம் ஒண்ணு வாங்கினா கடை திறந்துடலாம்னு நினைச்சா, அம்பேல். முதல்ல கயிறும் ஹார்னஸும். ஆளைத் தூக்குற சாதனங்களை ஆறு மாசத்துக்கு ஒரு தடவையாவது தகுதியான ஆள் சோதிக்கணும். 1998-ல வந்த விதி இது. கயிறு பளபளன்னு இருக்குன்னு சாக்கு சொல்ல முடியாது. உச்சியில ஓடுற ரம்பம் தன்னோட கயிற்றையே அறுத்துடலாமே! அதனால ரம்பம் பிடிக்கும்போது ரெண்டு இடத்துல கட்டு வேணும்.

பேன்ட்கூட ஸ்பெஷல்தான். செயின் பட்டதும் உள்ளே இருக்கிற நீள இழைகள் வெளியே வந்து ரம்பத்துல சுத்திக்கிட்டு, ஓட்டத்தையே நிறுத்திடும். ஒரு வெட்டு வாங்கின பேன்ட் அதோட குப்பைக்கு. (விலையை நினைச்சு தைச்சுப் போட்டீங்க... கால் போச்சு!)

கிளைகளைத் தூளாக்குற சிப்பரை ஆரம்பத்துல வாடகைக்கே எடுக்கலாம்.

ரம்பத்தை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கவுன்சில்ல விசாரிச்சுடணும். பாதுகாப்பு ஆணை உள்ள மரத்தை அனுமதியில்லாம வெட்டினா, ‘வீட்டு ஓனர்தான் சொன்னார்’னு கை காட்டித் தப்பிக்க முடியாது, வெட்டினவரும் கோர்ட் படி ஏறணும்.