பச்சை வட்டம் வந்தா போதுமா?

அன்னதானப் பொறுப்புல இருக்கிற நாங்க, மனசுல ரொம்ப நாளா கிடக்கிற ஒரு விஷயத்தைச் சொல்ல வந்திருக்கோம். கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையா படிங்க.

போன தைப்பூசத்துக்கு முந்தின வாரம், எங்களோட உட்கார்ந்து காய்கறி நறுக்கிட்டிருந்த அண்ணன் ஒருத்தருக்கு ஸ்ட்ரோக் வந்துச்சு. கையில இருந்த கத்தி நழுவி விழுந்துச்சு. "என்னண்ணே?"ன்னு கேட்டா பேச்சு குழறுது, வாய் ஒரு பக்கம் இழுக்குது. நாங்க என்ன செஞ்சோம்? மயக்கம்னு நினைச்சு தைலம் தேய்ச்சோம், மைலோ கலக்கிக் கொடுக்கப் பார்த்தோம். அரை மணி நேரம் போன பிறகுதான் 999க்கு அடிச்சோம்.

அந்த அண்ணனுக்கு மகன் ஸ்மார்ட் கடிகாரம் வாங்கிக் கொடுத்திருந்தாரு. தினமும் 8,000 அடி நடந்து, செயலியில பச்சை வட்டம் முழுசானதும் வாட்சப் குழுவுல போடுவாரு. நாங்களும் கைதட்டினோம். ஆனா ரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்தி மூணு மாசம் ஆச்சுன்னு மருத்துவமனையிலதான் தெரிய வந்துச்சு. "நல்லா நடக்கிறேன், எல்லாம் பச்சையா இருக்கு, மாத்திரை எதுக்கு?"ன்னு அவரே நிறுத்திட்டாராம்.

நாங்க ஃபேக்டரியில சூப்பர்வைசரா இருக்கோம். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு லாக் புக் உண்டு. வெப்பம், அழுத்தம் எல்லாம் மணிக்கொரு தடவை எழுதணும். சில பேர் ஷிப்ட் முடியறப்போ ஒரே எண்ணை வரிசையா எழுதிட்டுப் போயிடுவாங்க. யாரும் பார்க்கலைன்னா அந்தப் புத்தகத்தால ஒரு பிரயோசனமும் இல்ல, மெஷின் ஒரு நாள் நின்னுடும். கைப்பேசி செயலியும் ஒரு லாக் புக்தான். அது மருந்தும் இல்ல, டாக்டரும் இல்ல.

அதுக்காக செயலியே வேணாம்னு சொல்லல. 2023ல எடுத்த தேசிய சுகாதார ஆய்வுல, மலேசியாவுல பெரியவங்கள்ல 29.2 விழுக்காட்டினருக்கு ரத்தக் கொதிப்பு இருக்குன்னு வந்துச்சு. பந்தியில உட்கார்றவங்கள்ல மூணுல ஒருத்தர்னு வச்சுக்கலாம். கொதிப்பு வலிக்காது, அதனால அளந்து எழுதி வச்சாத்தான் தெரியும். மாத்திரை நேரத்துக்கு மணி அடிக்கவும், அளவைக் குறிச்சு வைக்கவும் கைப்பேசி நல்ல உதவி. கோவிட் காலத்துல போட்ட மைசெஜாத்ராவுலயே அரசாங்க கிளினிக்குக்கு முன்பதிவு செய்யலாம்.

ஆனா சரியா அளக்கணும். கேமராவுல விரலை வச்சா கொதிப்பு சொல்ற செயலியை நம்பாதீங்க. கையில பட்டை கட்டி அளக்கிற மெஷின் வாங்குங்க. அஞ்சு நிமிஷம் அமைதியா உட்காருங்க, அரை மணி நேரத்துக்கு முன்னால காப்பி, சிகரெட் வேணாம். ரெண்டு தடவை அளந்து அப்படியே குறிங்க, குறைச்சு எழுதாதீங்க. வீட்டுல அளக்கிறப்போ 135/85க்கு மேல அடிக்கடி வந்தா டாக்டர்கிட்ட காட்டுங்க. சில கடிகாரங்க இதயத் துடிப்பு தாறுமாறா இருந்தா சொல்லும், அதுவும் டாக்டர்கிட்ட காட்ட வேண்டியதுதான். ஆனா மாரடைப்பை அதுங்க கண்டுபிடிக்காது. நெஞ்சு அழுத்தி வலிச்சா கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு உட்காராதீங்க. வாய் கோணினாலோ, கை தூக்க முடியாமப் போனாலோ, பேச்சு குழறினாலோ உடனே 999. குடிக்க எதுவும் கொடுக்காதீங்க. ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாத்தான் பலன். அதிலயும் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.

"எல்லாம் ஆண்டவன் பார்த்துக்குவான்"னு சில பெரியவங்க சொல்றாங்க. அவங்க பக்தியை நாங்க மதிக்கிறோம். ஆனா அவன் பார்த்துக்குவான்னு அடுப்பை அணைக்காம நாம யாரும் வீட்டுக்குப் போறதில்லையே?

அதனால நிர்வாகத்துக்கிட்ட ஒண்ணு கேட்டிருக்கோம். வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் அன்னதானக் கூடத்து ஓரத்துல ரெண்டு கொதிப்பு மெஷின் வைக்கணும். இளைஞர்கள் பெரியவங்களுக்கு அளந்து, அவங்க கைப்பேசியிலயே பதிஞ்சு கொடுக்கணும். சாம்பார்ல உப்பைக் குறைக்கிற வேலை எங்களோடது. உங்க வேலை ஒண்ணுதான்: இன்னிக்கு ராத்திரி அப்பா, அம்மாகிட்ட "எத்தனை அடி நடந்தீங்க?"ன்னு மட்டும் கேட்காம, "மாத்திரை போட்டீங்களா, அளவு எவ்வளவு?"ன்னும் கேளுங்க.

அண்ணன் இப்போ நாற்காலியில உட்கார்ந்து இடது கையால வெங்காயம் உரிக்கிறாரு. வலது கை இன்னும் சரியா வரல. முதல் மெஷினுக்குக் காசு கொடுத்தது அவருதான்.

எல்லாரும் நல்லா இருக்கணும். வெள்ளிக்கிழமை பார்ப்போம்.